கேஸ் வராத கயிறு

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்பெல்லாம் இரண்டே கூட்டம்தான். ஒன்று கறிக்கடையில். இன்னொன்று சர்ச்சில். இப்போது மூன்றாவதாக ஒன்று முளைத்து, முதல் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அதுதான் கேஜ் சாமி கூட்டம்.

பங்காருபேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். பூதிகோட்டையிலிருந்து டிராக்டரில் வருகிறார்கள். வாரம் முழுக்க பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிற பிள்ளைகள், கிடைத்த ஒரு நாள் லீவிலும் இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் போலிருக்கிறது. தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கொர்னேலியஸ் கூட, ஆராதனை முடிந்த கையோடு பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நிற்பார். அவர் கையிலும் சாமியின் கறுப்புக் கயிறு உண்டு. பாஸ்டர் கண்ணில் படாமல் இருக்க முழுக்கைச் சட்டை.

கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. சுரங்கத்தை மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. பழைய கேஜ் எல்லாம் துருப்பிடித்து, காயலான் கடைக்குப் போய், எங்கெங்கோ கம்பியாகவும் கேட்டாகவும் மறுபிறவி எடுத்துவிட்டன. தங்கவேலுவுக்கு மட்டும் ஒரு கேஜ் புத்தம் புதிதாகக் கிடைத்தது. மூடிய ஷாஃப்ட் குழிக்குப் பக்கத்தில், பூமியைப் பிளந்துகொண்டு அது தானாக வந்ததாம். தானாக வந்த கேஜில் வெல்டிங் தழும்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தழும்பையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

தங்கவேலு இந்த ஊர்க்காரர் இல்லை. எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் தரையைக் காட்டுவார். தலையில் லைட் வைத்த மஞ்சள் ஹெல்மெட், நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் காவி. கேஜுக்குள் போய் நிற்பார். மச்சான் ராகேஷ் வெளியே இருந்து தாழ்ப்பாள் போடுவான். பிறகு பெல்லை அடிப்பான். கேஜுக்கு அடியில் வைத்த ஸ்ப்ரிங் தடதடவென்று ஆடும். சிவப்பு பல்பு எரியும்.

"சாமி எறங்குறாரு! எறங்குறாரு!" என்று ராகேஷ் கத்துவான்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கேஜ் ஓர் அங்குலம் கூட இறங்காது. எல்லோர் கண் முன்னாலும் அது அங்கேயேதான் நிற்கும். ஆனால் சாமி சூட்சுமமாக இறங்குகிறாராம். பத்தாயிரம் அடிக்குக் கீழே, தண்ணீர் நிரம்பிய கடைசி லெவலில், முனீஸ்வரன் உட்கார்ந்திருக்கிறாராம். நனையாமல் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது முனீஸ்வரன் பாடு. அங்கே போய் முனீஸ்வரனை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் குரலில் சாமி பேசுவார். காலையில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், சாயந்திரம் செகண்ட் ஷிஃப்ட். முனீஸ்வரனுக்கும் ட்யூட்டி நேரம் உண்டு.

வேறு ஊராக இருந்தால் இந்த நாடகம் ஒரு வாரம் தாங்கியிருக்காது. இது கே.ஜி.எஃப். இங்கே பெல் அடித்தால் கேள்வி கேட்கக் கூடாது. ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும். கேள்வி கேட்டுக்கொண்டு நின்றவன் பூமிக்கு அடியில் பிழைத்ததில்லை. அது நல்ல பழக்கம்தான். சுரங்கம் மூடிய பிறகும் அந்தப் பழக்கம் மூடவில்லை. தங்கவேலு கண்டுபிடித்த தங்கம் அதுதான்.

சாமியின் கடையில் நன்றாக ஓடிய சரக்கு ஒரு கறுப்புக் கயிறு. 'கேஸ் வராத கயிறு' என்று பெயர். முனீஸ்வரன் சொல்லி ஒருவன் ஒரு காரியம் செய்தால், அது எப்பேர்ப்பட்ட காரியமாக இருந்தாலும், இந்தக் கயிறு கையில் இருக்கிறவரை போலீஸ் கேஸ் ஒட்டாது. வேலித் தகராறில் இருந்தவன் வாங்கினான். பங்காளிச் சண்டையில் இருந்தவன் இரண்டு கைக்கும் வாங்கினான்.

முனியப்பனும் வாங்கிக் கட்டியிருந்தார். சுரங்கம் மூடுவதற்கு முன் சில வருடம் கேஜில் இறங்கியவர். மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேன். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவர். யாரோடும் சண்டை இல்லாத அந்த மனுஷனுக்கு எதற்குக் கேஸ் வராத கயிறு? மகனுக்காக.

மகன் அனில், அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் உத்தரவு வந்துவிடும். ஆனால் மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. முனியப்பனுக்குத் தூக்கம் போனது. தன்னை மாதிரி தன் பிள்ளையும் யாரோ ஒருவருடைய கேட்டைத் திறந்து மூடிக்கொண்டே கிழவனாகிவிடுவானோ என்ற பயம் அவரை அரித்தது. போன ஞாயிறு அந்தப் பயத்தோடுதான் கேஜ் முன்னால் போய் நின்றார்.

பெல் அடித்தது. பல்பு எரிந்தது. முனீஸ்வரன் ஏறி வந்தார்.

"உத்தரவு கெளம்பிடுச்சுடா! ரயிலேறிடுச்சு! ஸ்டேஷன் வரைக்கும் வந்துடுச்சு! வாசல்ல ஒருத்தி மறிச்சிகினு உக்காந்துகீறா!"

"யாரு சாமி?"

"ஆவி! ஆவி! அவ இட்லிப் பானை ஆவி என் ஷாஃப்டுக்குள்ள எறங்கி எனக்கு மூச்சு முட்டுது! ஊரு புள்ளைங்க வேலையெல்லாம் அந்த ஆவியில வெந்து போவுது! ஒடைடா அவ கடையை! மொத அடி அப்பன் அடிக்கணும். ரெண்டாவது அடி புள்ள அடிக்கணும். அப்புறம் ஊரே அடிக்கணும். அடுத்த ஞாயித்துக்கெழம, கெளம்புங்கடா!"

பத்தாயிரம் அடி ஆழத்தில் தண்ணீருக்குள் மூச்சு முட்டாத முனீஸ்வரனுக்கு இட்லி ஆவியில் மூச்சு முட்டியது. இந்தக் காலத்து உத்தரவெல்லாம் இமெயிலில் வருகிறது, அதை எந்தப் பானையும் மறிக்க முடியாது. இதையெல்லாம் யோசிக்கக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. அதே ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட மச்சான் ராகேஷ் ஒரு மாதமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. முனியப்பனும் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தவள் லதா. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். நாலு கம்பு, மேலே தகரம், கீழே ஒரு ஸ்டவ், அவ்வளவுதான் கடை. அதை வைத்துத்தான் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். முதல் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் பாதிப் பேர் வயிற்றில் அவள் இட்லி இல்லாமல் பெங்களூர் போய்ச் சேர்ந்ததில்லை. முனியப்பனும்தான். தாமதமாக ஓடி வருகிற நாளில், அவருக்கென்று கட்டி வைத்த பொட்டலத்தை எட்டி நீட்டுவாள்.

சனிக்கிழமை காலையிலும் நீட்டினாள். அவர் கை நீட்டாமல் நின்றார்.

"இன்னாண்ணா, வாங்கமாட்டியா?"

"பசிக்கல லதா."

"நாளைக்கு கடையை ஒடைக்க வர்றீங்களாமே. கேள்விப்பட்டேன். ஒண்ணு கேக்கணும்ணா. பாத்திரத்தை முன்னாடியே எடுத்து வெச்சிக்கட்டுமா, இல்ல அத்தையும் சேத்து ஒடைக்கணும்னு சாமி சொல்லிச்சா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு எத்தனை பொட்டலம் வேண்டும் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். முனியப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ரயில் வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி ஓடினார். அன்றைக்கு ரயில் தாமதம். பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அன்று ராத்திரி வீட்டில் கொழுந்தியாள் நளினி வந்து உட்கார்ந்திருந்தாள். மனைவி பார்வதம்மாவின் தங்கை. ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டில் வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அக்கா போட்ட பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தாள். மாமாவைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது.

"வாங்க மாமா. நாளைக்கு மொத அடி நீங்களாமே? கடப்பாரைக்கு எண்ணெய் போட்டாச்சா?"

"கிண்டல் பண்ணாதம்மா. நான் இன்னா ஆசைப்பட்டா போறேன்? சாமி சொல்லுது. கயிறும் கட்டிகினு கீறேன், கேஸ் வராது."

"அனிலுக்கும் கட்டியாச்சா?"

"அவனுக்கும் கட்டியாச்சு."

"போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வர்ற போலீஸ்காரர் கயிறைப் பாத்துட்டுப் போயிடுவாரா, இல்ல ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். இருக்கான்னு பாப்பாரா?"

முனியப்பன் ஒரு பஜ்ஜியை எடுத்தார். கயிறு எந்த ஆபீஸில் செல்லும், எந்த ஆபீஸில் செல்லாது என்று சாமி சொல்லியிருக்கவில்லை.

"நாங்க செய்யல, சாமி சொல்லிச்சுன்னு சொல்லுவோம்" என்றார் கடைசியில்.

"சொல்லுங்க. ஒடைச்சதுக்கு உங்க மேல கேஸ். ஒடைக்கச் சொன்னதுக்கு உங்க சாமி மேல கேஸ். குத்தத்துக்குத் தூண்டிவிடறதும் குத்தம்தான் மாமா. கூட்டு சேந்து திட்டம் போட்டாலும் அதே கதி, தெரிஞ்சே ஒத்தாசை பண்ணாலும் அதே கதி. அதுலயும் பத்துப் பேருக்கு மேல கூட்டிவெச்சி 'போய் ஒடைங்கடா'ன்னு ஏவிவிட்டா, ஏவினவனுக்கு ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போட சட்டத்துல எடம் கீது."

"அதெப்படிம்மா? சாமி கடைப் பக்கமே வராது. கையில ஒரு குச்சி கூட எடுக்காது. வாயிலதானே சொல்லுது?"

நளினி பஜ்ஜியைக் கீழே வைத்தாள்.

"மாமா, நீங்க கேஜுல எறங்கினவரு. பெல்மேன் எறங்க மாட்டான், மேலயே நிப்பான். அவன் வேணும்னே தப்பா பெல் அடிச்சி, கீழ ஆளு நசுங்கிப் போனா, 'நான் எறங்கவே இல்லையே, பெல்லுதானே அடிச்சேன்'னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவ முடியுமா?"

முனியப்பனுக்கு அது சுருக்கென்று பட்டது. பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"அது மனுஷன். இது முனீஸ்வரன். சாமிக்கு ஏது சட்டம், சாமிக்கு ஏது போலீஸ்?"

"பயமே கெடையாதா?"

"பத்தாயிரம் அடி கீழ உக்காந்துகினு கீறவருக்கு இன்னாம்மா பயம்!"

"அது போதும் மாமா" என்று நளினி எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கேஜைச் சுற்றி எள் போட இடமில்லை. சிலர் கையில் கடப்பாரை, சிலர் கையில் சம்மட்டி. பெண்கள் வரிசையில் எலுமிச்சம்பழப் பையோடு ஒரு பச்சைப் புடவைக்காரி. மாலூர்ப் பக்கமாம், தங்கைக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறதாம். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பக்தி. முனியப்பன் கடப்பாரையோடு முன்னால் நின்றார். பக்கத்தில் அனில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நளினி வேப்பமர நிழலில் கைகட்டி நின்றாள்.

பெல் அடித்தது. கேஜ் ஆடியது. சாமி கண்ணை மூடினார். முனீஸ்வரன் வந்தார்.

"வந்துட்டீங்களாடா! கெளம்புங்கடா! ஒடைங்கடா அவ கடையை! தகரம் ஒண்ணு நிக்கக் கூடாது!"

கூட்டம் "ஓ" என்று கத்தியது. முனியப்பன் கடப்பாரையைத் தோளில் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, கூட்டத்தின் ஓரமாக ஃப்ரெடி வந்தான்.

ஃப்ரெடி ஆட்டோக்காரன். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காக்கிச் சட்டை. பங்காருபேட்டை ஸ்டாண்டில் ஓட்டுகிறான். ஸ்கெலட்டனில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவனைத் தெரியும். தெரியாதவர்கள் அங்கே இரண்டே பேர். வெளியூர்க்காரர்களான சாமியும் மச்சானும்.

ஃப்ரெடி ஒன்றும் பேசவில்லை. வந்து நின்றான். இடுப்பில் கை வைத்தான். கேஜைப் பார்த்தான்.

மூடியிருந்த சாமியின் கண்ணில் ஒன்று லேசாகத் திறந்தது. காக்கி தெரிந்தது. திறந்த கண் அவசரமாக மூடிக்கொண்டது.

"ஒடைங்கடா..." என்ற முனீஸ்வரன் குரல் இழுத்தது. "ஒடைங்கடா... மனசை! மனசுக்குள்ள கீற ஆணவத்தை ஒடைங்கடா! கடையா பெருசு? கடை இன்னாடா பண்ணும்? ஆணவத்தை ஒடை!"

தூக்கிய கடப்பாரையோடு முனியப்பன் அப்படியே நின்றார். ஆணவத்தைக் கடப்பாரையால் எப்படி உடைப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

"இன்னாப்பா, கடை இல்லியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

நளினி ஃப்ரெடியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஃப்ரெடி வந்த வழியே போய் மரத்துக்குப் பின்னால் மறைந்தான். சாமியின் ஒற்றைக் கண் அவனை வழியனுப்பி வைத்தது.

"போடா! இன்னும் இன்னாடா நின்னுகினு கீற!" முனீஸ்வரனுக்கு உயிர் வந்துவிட்டது. "போயி ஒடைடா கடையை! சீக்கிரம்! பாத்திரம் பண்டம் எதையும் உடாத!"

முனியப்பன் இரண்டடி வைத்தார். மரத்துக்குப் பின்னாலிருந்து ஃப்ரெடி மறுபடி வந்தான்.

"...உடாத! யாரையும் கஷ்டப்பட உடாத! எல்லாம் என் புள்ளைங்கடா! அந்த லதா பொண்ணு யாரு? அதுவும் என் புள்ளதான்! ஊருக்கே சோறு போடுறவ! அவளுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கடா!"

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃப்ரெடி போனான். முனீஸ்வரன் கடையை உடைக்கச் சொன்னார். ஃப்ரெடி வந்தான். முனீஸ்வரன் அன்பே பெரிது என்றார். ஃப்ரெடிக்கு விளையாட்டு ருசித்துவிட்டது. ஒரு காலை மரத்துக்கு வெளியே வைத்து, உள்ளே இழுத்துக்கொண்டான். கால் வெளியே வந்தபோது அன்பு வந்தது. உள்ளே போனபோது ஆவேசம் வந்தது. காட்டுவதற்கும் மறைப்பதற்கும் நடுவில் சாமிக்கு மூச்சு வாங்கியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்புதான் எந்த சாமியாருக்கும் பெரிய பேய். ராகேஷ் என்ன செய்வது என்று தெரியாமல் பெல்லை விடாமல் அடித்தான்.

"சாமி!" நளினி சத்தமாகக் கூப்பிட்டாள். "ஒரு சந்தேகம் சாமி. பத்துப் பேருக்கு மேல கூட்டிவெச்சி ஒடைக்கச் சொன்னா, சொன்னவருக்கு ஏழு வருஷம் வரைக்கும் போடலாம்னு சட்டம் சொல்லுதே. இங்க எத்தினி பேரு கீறாங்கன்னு முனீஸ்வரன் பாத்துச் சொல்லுவாரா?"

மெய்மறந்து, முனீஸ்வரன் ஏறி, இந்த உலக ஞாபகமே இல்லாமல் இருந்த சாமி, ஹெல்மெட்டுக்குக் கீழே ஒற்றைக் கண்ணால் தலைகளை எண்ண ஆரம்பித்தார். உதடு கூட அசைந்தது. எண்ணி முடிக்கவில்லை.

"இத்தினி பேரு எதுக்குடா நிக்கிறீங்க? போங்கடா! பாதிப் பேரு வூட்டுக்குப் போங்க! ஒம்பது பேரு மட்டும் நில்லுங்க!"

அதோடு சிரிப்பு நின்றது. அவ்வளவு நேரம் வேடிக்கையாக இருந்தது திடீரென்று வேடிக்கையாக இல்லை. நம்மை உடைக்கப் போகச் சொல்லிவிட்டுத் தன் தலையை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறது இந்த சாமி என்பது, பெல் சத்தத்தையும் மீறி ஒவ்வொருவர் காதிலும் விழுந்தது. கொர்னேலியஸ் முழுக்கையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

முனியப்பன் கேஜுக்கு முன்னால் போனார். யாரும் சொல்லி அல்ல. தன் கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்தார். கம்பிக்குள் கையை விட்டு, சாமியின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் கட்டினார். பிறகு கடப்பாரையைக் கம்பி வழியே நீட்டினார்.

"சாமி, இப்போ உனுக்கும் கேஸ் வராது. மொத அடி நீ அடி. ரெண்டாவது அடி நான் அடிக்கிறேன்."

சாமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கயிற்றைப் பிய்த்து எறிந்தார். முனீஸ்வரன் எப்போது இறங்கிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது வெறும் தங்கவேலு.

"நான் எதுக்குய்யா அடிக்கணும்? எனுக்கு இன்னாய்யா தலையெழுத்து? டேய் ராகேசு, தாழ்ப்பாளைத் தெறடா!"

ராகேஷ் அங்கே இல்லை. பெல் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாளைத் திறந்தது பச்சைப் புடவைக்காரி. எலுமிச்சம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, போனை மூடிவிட்டு, நிதானமாகத் திறந்தாள்.

"நடீரி ஸ்வாமி, நடங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றாள். "நான் சப்-இன்ஸ்பெக்டர். லதாம்மா நேத்தே கம்ப்ளெயிண்ட் கொடுத்துட்டாங்க. நீங்க 'ஒடை'ன்னு சொன்னது எல்லாம் வீடியோல இருக்கு. 'மாலை போடு'ன்னதும் இருக்கு. அதையும் ஜட்ஜ் பாக்கட்டும்."

தங்கவேலு ஃப்ரெடியைப் பார்த்தான். பச்சைப் புடவையைப் பார்த்தான். பூமிக்கு அடியில் பத்தாயிரம் அடி பார்க்கிற ஞானக்கண், எதிரில் நின்ற ஆட்டோக்காரனைப் போலீஸ் என்று நம்பியது. எதிரில் நின்ற போலீஸை எலுமிச்சம்பழம் வாங்கி வந்த பக்தை என்று நம்பியது.

"இவரு போலீஸ் இல்லியா?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

"நான் போலீஸ்னு எப்போ சாமி சொன்னேன்?" என்றான் ஃப்ரெடி. "காக்கி போடலேன்னா ஆட்டோக்காரனுக்கு ஃபைன் போடுறாங்க."

"மேடம், நான் ஒண்ணியும் பண்ணல மேடம்! என் கை எதையும் தொடல! கடை அப்படியே நிக்குது, போயி பாருங்க! ஒரு தகரம் கூட வளையல! குத்தமே நடக்கல, எதுக்கு மேடம் கேஸ்?"

"நடக்கணும்னு அவசியம் இல்ல" என்றாள் நளினி. "இவங்க ஒடைச்சிருந்தா அது ஒரு கணக்கு. ஒடைக்காம நின்னது இவங்க புத்தி. நீ தூண்டினது தூண்டினதுதான். ஜனங்க புத்தி தெளிஞ்சதுக்கு நீ பங்கு கேக்க முடியாது."

சப்-இன்ஸ்பெக்டர் அவனை நடத்திக்கொண்டு போனாள். மஞ்சள் ஹெல்மெட்டின் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, பட்டப்பகலில். ராகேஷை மத்தியானம் பங்காருபேட்டை ஜங்ஷனில் பிடித்தார்கள்.

கூட்டம் கலைந்தது. கலையும்போது ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம், "எனுக்கு அப்பவே டவுட்டு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இந்த ஊரில் இவ்வளவு பேருக்கு அப்பவே சந்தேகம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாளே ஒருவர் சத்தமாகச் சொல்லியிருந்தால் கேஜுக்கு வெல்டிங் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

முனியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. அனிலைக் கடப்பாரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். லதா பாத்திரங்களை ஒரு சாக்குப் பையில் கட்டி, பெரிய மகளிடம் கொடுத்து, கடைக்கு வெளியே நிற்க வைத்திருந்தாள். அவள் மட்டும் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

நடந்ததை எல்லாம் சொன்னார். ஃப்ரெடி வந்தது, போனது, அன்பு வந்தது, போனது எல்லாம். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. லதாவின் மகளும் சிரித்தாள். லதா சிரிக்கவில்லை. ஸ்டவ்வை எடுத்து இடத்தில் வைத்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றார் முனியப்பன். "புள்ளைக்கு வேலை வரணும்னு புத்தி கெட்டுப் போயிட்டேன்."

"அது சரிண்ணா. எனுக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றாள் லதா. "அந்த ஆளு காக்கிச் சட்டையைப் பாத்து பயந்துட்டான். அதனால நீங்க நின்னீங்க. அவன் பயப்படாதவனா இருந்திருந்தா, இந்நேரம் என் கடை இருந்திருக்குமா?"

முனியப்பன் பெரிய மகள் கையிலிருந்த சாக்குப் பையை வாங்கி, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைக்குள் வைத்தார்.

அடுத்த சாமி பயப்படாதவனாகவே வரக்கூடும். அதற்குள் அவரும், கூட இருந்து "ஓ" என்று கத்தியவர்களும், இதைப் படிக்கிற நாமும் லதாவின் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்துகொள்வது நல்லது. யோசிப்பதற்கு மட்டும் இதுவரை எந்த ஊரிலும் கேஸ் போட்டதில்லை.